வெட்டிய படத்தில் எஞ்சியிருந்தது

படங்களை வெட்டுவதும் நேராக்குவதும் அளவு குறைப்பதும் முனைவர் பட்ட ஆய்வின் கணிசமான பகுதி என்பதை மட்டாஞ்சேரிக்குக் குடிவந்த பின்னரே அறிந்தேன். பக்கத்து ஃபோர்ட் கொச்சியின் டோபி கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் தொழிற்சொற்களைத் திரட்டி வருகிறேன். முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகி உலர்த்தும் முறையைச் சொல்லால் மட்டும் விளக்க இயலாது, படம் வேண்டும்.

“கையை எடுத்துக்கோ தம்பி, முகம் வேண்டாம். பேத்திக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கோம்” என்றார் ஒரு மூதாட்டி. ஒரு படத்தில் முகமும் விழுந்துவிட்டது. கைப்பேசியிலிருந்த ஓர் இலவசச் செயலியில் முகத்தை வெட்டி நீக்கி, கருத்தரங்கத் தாளுக்காக நண்பருக்கு அனுப்பினேன். அவருடைய கணினியின் கோப்புப் பட்டியலில் தெரிந்த சிறுபடத்தில் அம்முகம் அப்படியே இருந்தது!

காரணம் எளியது. கேமரா ஒவ்வொரு ஜேபெக் கோப்பினுள்ளும் எக்ஸிஃப் என்னும் தரவைப் பதிக்கிறது: நாள், நேரம், அனுமதித்திருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, பெரும்பாலும் முழுப் படத்தின் சிறுவடிவமும். மென்பொருள் அச்சிறுவடிவத்தைப் புதுப்பிக்காவிட்டால், நாம் வெட்டியது வெட்டப்படாமலே ஊர் சுற்றும்.

மென்பொருள் தேடத் தொடங்கியது அதன் பிறகுதான். நம் துறைகளில் முதலில் கைக்கு வருவது விலையுயர்ந்த மென்பொருளின் கள்ளப்பிரதி. (மேற்கோள் திருட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம் இதைப் பற்றிப் பேசுவதில்லை.) இர்ஃபான்வியூ விரைவானது; வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசம்; நூறு படங்களை ஒருசேரச் சிறிதாக்கும். ஆனால் அது விண்டோஸுக்கானது, என்னிடம் இருப்பது உபுண்டு. ஆகவே கிம்ப். 1995இல் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் தொடங்கியது. கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே கற்பிக்கப்படுவதால், எனக்கு அதன் முதல் பாடத்தை நடத்தியவர் வீட்டுக்காரரின் மகள், பள்ளி மாணவி.

‘சேமி’ என்றால் ஜேபெக் கிடைக்காது என்பது கிம்ப் மீது பலருக்குள்ள குறை. அது எக்ஸ்சிஎஃப் என்னும் தன் வடிவில் மட்டுமே சேமிக்கும். ஜேபெக் வேண்டுமெனில் ‘ஏற்றுமதி’ செய்ய வேண்டும். எனக்கு அத்தடையே உதவியது. ஏற்றுமதிச் சாளரத்தில் எக்ஸிஃப் தரவு, சிறுபடம் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. இரண்டிலும் குறியை எடுத்துவிடுகிறேன். கோப்பினுள் என்ன போகிறது என்று அங்கே கண்ணால் பார்க்க முடிகிறது. தமிழ்ச் சொல்லைப் படத்தின் மேல் எழுதினாலும் கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கின்றன. மொழியியல் மாணவனுக்கு அது சிறு விஷயமன்று. முகத்தை மங்கலாக்குவதை மட்டும் நான் நம்புவதில்லை. வெட்டுகிறேன், அல்லது கறுப்பால் நிரப்புகிறேன்.

சென்ற வாரம் அம்மூதாட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். நண்பர் தம்மிடமிருந்த கோப்பை அழித்துவிட்டதையும் சொன்னேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “உன் போன்ல இருக்கா?” என்றார். இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அழித்தேன்.