தறிக்குழியின் சிரிப்புக் கதைகள்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடுகளில் பெரியவர்கள் தம் சிறுவயதுக் குறும்புகளைச் சொல்லிப் பேரப்பிள்ளைகளைச் சிரிக்கவைக்கும் வழக்கத்தைப் புரிந்துகொள்ள விரும்புவோர், முதலில் கோர்வை என்னும் நெசவுமுறையை அறிந்துகொள்ள வேண்டும். சேலையின் உடல் ஒரு நிறத்திலும் கரை வேறொரு நிறத்திலும் அமையும்போது, இரண்டின் ஊடைநூல்களையும், அதாவது குறுக்கே ஓடும் நூல்களையும், எல்லையில் ஒன்றோடொன்று கோத்து வாங்கும் வேலையே கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள், அதாவது ஊடைநூலைச் சுமந்து ஓடும் கருவிகள், தேவைப்படுவதால் ஒருவரின் இரண்டு கைகள் போதமாட்டா. ஆகவே குழித்தறியில், அதாவது நெசவாளர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அமர்ந்து நெய்யும் தறியில், அவருக்கு அருகே உதவியாள் ஒருவர் அமர்ந்து ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ளி வாங்குவார். பல தலைமுறைகளாக அந்த இடம் பெரும்பாலும் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ உரியதாக இருந்தது.

காலை முதல் மாலை வரை கையும் கண்ணும் பட்டிலேயே இருக்க, வாயும் காதும் மட்டும் ஓய்ந்திருந்த அந்த இருவருக்கிடையில்தான் கதைகள் வளர்ந்தன. உதவிப்பிள்ளை தூங்கிவிழாமல் இருக்கவே பெரியவர் கதை சொன்னார். அவற்றுள் மிகச் சுவையானவை, அவரே சிறுவனாக அதே இடத்தில் அமர்ந்து தூங்கிவிழுந்த கதைகள். கோக்காமல் விட்ட கரை நான்கு விரற்கடை வளர்ந்த பிறகு கண்ணில்பட்டு இழை இழையாகப் பிரிக்க நேர்ந்ததும், தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டிருந்த பாவுக்கு, அதாவது நெடுக்கு நூல்களுக்கு, காவலிருந்த பிள்ளை கோலி விளையாட்டில் மூழ்கிவிட ஆடு உள்ளே புகுந்ததும், தறிக்குழிக்குள் ஒளிந்திருந்தவனைத் தெருவெங்கும் தேடியதும் வீட்டுக்கு வீடு சிறு மாறுதலுடன் சொல்லப்படுகின்றன. குற்றம் செய்தவரே கதையைச் சொல்வதால் குழந்தை அச்சமின்றிச் சிரிக்கிறது. ஓர் இழை விட்டால் என்ன ஆகும் என்பதையும் அடிவாங்காமலே கற்றுக்கொள்கிறது.

கோயிலும் இக்கதைகளுக்கு இடம் தந்தது. வரதராசப் பெருமாள் கோயிலில் பக்தர்கள் தொட்டு வணங்கும் பல்லிகள், குருவின் பூசைக்கு எடுத்துவந்த நீரில் பல்லி கிடந்ததைக் கவனியாமல் சாபம் பெற்ற சீடர் இருவரை நினைவூட்டுவன என்பது தலபுராணச் செய்தி. ஏவிய வேலையில் கவனம் சிதறிய பிள்ளைகள் அவர்கள் என்பதை நெசவாளர் வீட்டுக் குழந்தைகள் உடனே கண்டுகொள்வர். சமவெளியான இவ்வூரில் மலை என வழங்குவது அதே கோயிலின் அத்திகிரி. அது 24 படிகளில் ஏறி முடிந்துவிடும். வெளியூர் உறவுப்பிள்ளைகளிடம் மலையேறிய பெருமை பேசியவன், அவர்கள் இவ்வூருக்கு வந்தபோது அகப்பட்டுக்கொள்வது நல்ல நகைச்சுவைதான். அக்கோயிலின் அனந்தசரசு குளத்திலிருந்து 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அத்திவரதர் என்னும் பெருமாள் திருவுருவை 1979இல் தந்தையின் தோளில் அமர்ந்து பார்த்தவர்கள், 2019 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடந்த தரிசனத்தின்போது தம் பிள்ளைகளோடு நீண்ட வரிசைகளில் நின்றார்கள்; பழைய கதைகளைச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்திராது.

ஆயினும் இச்சிரிப்புக்கு அடியில் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளியை விட்டுப் பிறர் தறியில் அமர்ந்த பிள்ளைகள் பலர். அவர்கள் தூங்கிவிழுந்தது களைப்பினால். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், தொண்டு அமைப்புகளின் உழைப்பும் சேர்ந்து பிள்ளைகளைத் தறியிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவந்தது முற்றிலும் நியாயமான மாற்றம். அதனால் கதைகள் குறைந்தன என்று வருந்த யாருக்கும் உரிமையில்லை. வருந்த வேண்டியது, அந்த உதவிப்பிள்ளைகளின் தலைமுறை முதுமை எய்திவரும் இந்நாளிலும் அவர்களது கதைகளுள் பெரும்பாலானவை வாய்மொழியாகவே நின்றுவிடுவதைக் குறித்துத்தான். காஞ்சிபுரத்துப் பள்ளிகளும் கல்லூரிகளும் தம் மாணவர்களைப் பாட்டன் பாட்டியரிடம் அனுப்பி இவற்றை எழுதிவரச் செய்ய வேண்டும். எழுதுவோர் தறிச்சொற்களைச் சொன்னபடியே பதிவதோடு, சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு முன்பணத்தையும் தவறிப்போன பள்ளியையும் விட்டுவிடாமல் இருக்க வேண்டும்.