வலைக்கு அப்பால் நிற்பவர்

டென்னிஸ் ஆட்டத்தில் கடிகாரத்துக்கு அவ்வளவாக வேலை கிடையாது. கால்பந்தில் இரண்டு கோல் முன்னால் இருப்பவர்கள், கடைசிப் பத்து நிமிஷம் பந்தை அங்குமிங்கும் உருட்டிப் பொழுதைக் கழித்துவிடலாம். கிரிக்கெட் டெஸ்ட் பந்தயத்தில் தோற்க இருப்பவர்களை மழையோ அந்தி மங்கலோ வந்து காப்பாற்றிவிடும். டென்னிஸில் அந்தக் கருணை இல்லை. எவ்வளவு தூரம் முன்னேறியிருந்தாலும் சரி, கடைசிப் புள்ளியை எடுக்கிறவரையில் ஆட்டம் முடியாது. அந்தப் புள்ளியைக் காலம் எடுத்துக் கொடுக்காது. ஆட்டக்காரர் தாமே எடுத்தாக வேண்டும்.

மட்டையைப் பிடித்து நாலு அடி ஒழுங்காக அடிக்க எனக்குத் தெரியாது. இருந்தாலும் ஜூன் மாசக் கடைசியில் விம்பிள்டன் தொடங்கிவிட்டால் என் எழுத்து வேலை தடைப்படும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "பந்து இந்தப் பக்கம் வருகிறது, அந்தப் பக்கம் போகிறது. இதில் அப்படி என்னதான் இருக்கிறதோ!" என்று என் மனைவி அலுத்துக்கொள்வாள். "பந்து போகும்போது பார்க்காதே. போகாதபோது பார்" என்பேன் நான்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு புள்ளி முடிந்து அடுத்த புள்ளி தொடங்க விதிப்படி 25 விநாடி அவகாசம் உண்டு. அந்த நேரத்தில் ஆட்டக்காரர் துண்டை வாங்கி, ஈரமில்லாத முகத்தைத் துடைக்கிறார். ஒழுங்காகவே இருக்கும் மட்டை நரம்புகளை விரலால் சரி செய்கிறார். பந்தைத் தரையில் ஐந்து தடவை தட்டுகிறார். ஆறாவது தடவையும் தட்டுகிறார். பேச ஆள் இல்லை. போன புள்ளியின் நினைவும் வரப்போகும் புள்ளியின் பயமும் அவருக்குள்ளே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல காட்சி எங்கே கிடைக்கும்?

பயம் தோற்கிறவரைத்தான் பிடிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் ஜெயிக்கப் போகிறவரைத் தேடித்தான் வருகிறது. தோற்றுக்கொண்டிருப்பவருக்கு இழக்க ஒன்றுமில்லை. கையை வீசி அடிக்கிறார். ஜெயிக்கப் போகிறவரோ இன்னும் கைக்கு வராத கோப்பையைச் சுமந்துகொண்டு ஆடுகிறார். அதன் கனம் தோளில் இறங்கிவிடுகிறது.

1993-ம் வருஷத்து விம்பிள்டன் மகளிர் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செக் நாட்டு யானா நோவோட்னாவும் ஜெர்மனியின் ஸ்டெஃபி கிராஃபும் மோதினார்கள். கிராஃப் அப்போது உலகத்தையே ஆண்டுகொண்டிருந்தவர். ஆளுக்கு ஒரு செட் எடுத்து, மூன்றாவது செட்டில் நோவோட்னா நாலுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தார். செர்வீசும் அவருடையது. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ஐந்துக்கு ஒன்று. அந்தப் புள்ளியில் அவர் போட்ட இரண்டு செர்வும் தவறின. அதற்கப்புறம் அவருடைய கை அவர் சொன்னதைக் கேட்கவில்லை. வரிசையாக ஐந்து கேம்களை எடுத்துக் கிராஃப் பட்டத்தைக் கொண்டு போனார். பரிசளிக்க வந்த கென்ட் சீமாட்டியின் தோளில் முகம் புதைத்து நோவோட்னா விம்மி அழுத படத்தை மறுநாள் உலகம் முழுவதும் பார்த்தது.

அன்று கிராஃப் அற்புதம் ஒன்றும் செய்துவிடவில்லை. பந்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார், பொறுமையாகக் காத்திருந்தார். வலைக்கு அந்தப் பக்கம் நின்றது கிராஃப் என்பதே போதுமானதாக இருந்தது. பெரிய ஆட்டக்காரர்களின் பெயருக்கு இப்படி ஒரு பலம் உண்டு. அவர்கள் மட்டையைத் தொடுவதற்கு முன்பே அவர்களுடைய பெயர் இரண்டு புள்ளி எடுத்துவிடும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1997-ல் மறுபடியும் இறுதிக்கு வந்து தோற்ற நோவோட்னா, 1998-ல் மூன்றாவது முயற்சியில் பட்டத்தைப் பெற்றார். 2017-ல் அவர் காலமான செய்தி வந்தபோது, வென்ற படத்தைவிட அழுத படம்தான் எனக்கு முதலில் நினைவு வந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பெயருக்குப் பலம் உண்டென்றேன்; பெயர் பெற்றவர்களுக்கும் இந்த விபத்து நேர்வதுண்டு. 2019-ல் ரோஜர் ஃபெடரர் ஐந்தாவது செட்டில் எட்டுக்கு ஏழு, நாற்பதுக்குப் பதினைந்து என்று நின்றார். தம் செர்வில் இரண்டு வாய்ப்புகள். ஒன்றை எடுத்தால் பட்டம். இரண்டையும் ஜோகோவிச் பறித்துக்கொண்டார். 4 மணி 57 நிமிஷம் நடந்த அந்த ஆட்டத்தில் ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218. ஜோகோவிச் எடுத்தவை 204. பதினாலு புள்ளி அதிகம் எடுத்தவர் தோற்றார்! கூட்டம் முழுவதும் 'ரோஜர், ரோஜர்' என்று கத்தியதைத் தம் மனசுக்குள் 'நோவாக், நோவாக்' என்று மாற்றிக் கேட்டுக்கொண்டதாக ஜோகோவிச் பிற்பாடு சொன்னார். காதில் விழுந்ததை மாற்ற முடியாது; மனசில் விழுவதை மாற்றலாம் போலிருக்கிறது.

ஃபெடரரும் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். 2024-ல் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது, தாம் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 வென்றதாகவும், புள்ளிகளை மட்டும் எண்ணினால் நூற்றுக்கு 54 தான் என்றும் சொன்னார். எனக்கு இது தூக்கிவாரிப் போட்டது. உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய இரண்டில் ஒரு புள்ளியைத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறார்! அப்படியானால் அவர் கற்ற வித்தைகளில் பெரியது, தோற்ற புள்ளியை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு நடக்கத் தெரிந்ததுதான். நமக்கெல்லாம் ஞாபகசக்திக்கு மருந்து தேவைப்படுகிறது. அவர்களுக்கு மறதி தேவைப்படுகிறது.

அந்த மறதி நம்மவர் ஒருவருக்கும் வாய்த்திருந்தது. ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரை இறுதிவரை போனவர். முதல் வருஷம் நீல் ஃப்ரேசரிடமும் மறுவருஷம் ராட் லேவரிடமும் தோற்றார். அவர்கள்தான் அந்தந்த வருஷத்துப் பட்டத்தையும் வென்றார்கள். 1966 டிசம்பரில் கல்கத்தாவில் பிரேஸிலுக்கு எதிராக டேவிஸ் கோப்பை ஆட்டம். இரண்டு நாடுகளும் இரண்டுக்கு இரண்டு என்று இருந்தபோது கடைசி ஆட்டத்தில் தாமஸ் காக்கை எதிர்த்து ஆட வந்தார். மூன்று செட்டில் இரண்டு போய்விட்டது. நாலாவதிலும் இரண்டுக்கு ஐந்து. இன்னும் ஒரு கேம் போனால் எல்லாம் முடிந்தது. கிருஷ்ணன் அதே மெல்லிய அடிகளை அதே நிதானத்தோடு போட்டுக்கொண்டிருந்தார். அந்த செட்டை ஏழுக்கு ஐந்து என்றும், கடைசி செட்டை ஆறுக்கு இரண்டு என்றும் வென்று, இந்தியாவை முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குக் கொண்டு போனார்.

இதெல்லாம் ஒருவர் தமக்குள்ளே நடத்தும் சண்டை என்றால், வலைக்கு அப்பால் நிற்பவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இதற்கு போர்கின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

ஸ்வீடன் தேசத்து பியோர்ன் போர்க் பனிக்கட்டி மனிதர் என்று பெயர் வாங்கியவர். சிறுவயதில் கோபத்தில் மட்டையை வீசி எறிந்து தண்டனை பெற்ற பையன்தான் அப்படி உறைந்து போனார். அமெரிக்காவின் ஜான் மெக்கன்ரோவோ கொதிக்கிற எண்ணெய். நடுவரோடு அவர் போட்ட சண்டைகள் ஆட்டத்தைவிடப் பிரசித்தம். 1980-ல் இருவரும் விம்பிள்டன் இறுதியில் சந்தித்தார்கள். நாலாவது செட்டில் பட்டத்துக்கான புள்ளி போர்குக்கு ஏழு தடவை வந்தது. ஏழையும் மெக்கன்ரோ தட்டிவிட்டார். டைபிரேக்கர் மட்டும் 34 புள்ளிகள். பதினெட்டுக்குப் பதினாறு என்று மெக்கன்ரோ எடுத்தார். வேறு யாராக இருந்தாலும் மனசு உடைந்திருக்கும். ஐந்தாவது செட்டின் முதல் இரண்டு புள்ளிகளும் போர்கிடமிருந்து போயின. பிறகு அந்தப் பழைய போர்க் திரும்பி வந்தார். எட்டுக்கு ஆறு என்று ஜெயித்து, தொடர்ந்து ஐந்தாவது பட்டத்தை வாங்கினார்.

இந்த இருவரைப் பற்றி மெக்கன்ரோ சொல்லும் ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். தொடக்க காலத்து ஆட்டம் ஒன்றில் மெக்கன்ரோ வழக்கம்போல் கத்திக்கொண்டிருந்தார். போர்க் அவரை வலைக்கு அருகே அழைத்தாராம். திட்டத்தான் போகிறார் என்று இவர் போய் நின்றால், "பதறாதே, நல்ல ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறோம்" என்கிற மாதிரி ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னாராம். அதன் பிறகு போர்கோடு ஆடும்போது மட்டும் மெக்கன்ரோ வாய் திறப்பதில்லை.

1981-ல் விம்பிள்டனிலும், பிறகு அமெரிக்கப் பந்தயத்திலும் இறுதியில் மெக்கன்ரோவே ஜெயித்தார். அமெரிக்காவில் தோற்ற போர்க் பரிசளிப்புக்குக்கூட நிற்காமல் மைதானத்தை விட்டுப் போய்விட்டார். 1983 தொடக்கத்தில் ஓய்வு பெறுவதாக அறிவித்தபோது அவருக்கு வயசு 26. இருவரும் மோதிய ஆட்டங்கள் பதினாலு, ஆளுக்கு ஏழு. எதிரி ஒழிந்தான் என்று மெக்கன்ரோ சந்தோஷப்பட்டிருக்கலாம். அவரோ, போய்விடாதே என்று போர்கைக் கெஞ்சியிருக்கிறார். அவர் போன பிறகு தம் ஆட்டத்தில் ஏதோ ஒன்று குறைந்துவிட்டதாகப் பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1984-ல் அவர் மூன்றே மூன்று ஆட்டங்கள்தான் தோற்றார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்களில் குறையவில்லை. குறைந்தது என்னவென்று அவருக்குத்தான் தெரியும்.

எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன். எங்கள் தொழிலில் வலையும் இல்லை. எண்ணிக்கைப் பலகையும் இல்லை. இருந்தாலும் எனக்கு ஒருவர் இருந்தார். நான் ஒரு வாரப்பத்திரிகையில் தொடர்கதை எழுதினால் அவர் வேறொன்றில் எழுதுவார். கடைக்குப் போய் என் அத்தியாயம் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் அவருடையதைப் பிரித்துப் படிப்பேன். நன்றாக இருந்தால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. ராத்திரி உட்கார்ந்து, எழுதி வைத்திருந்ததைக் கிழித்துப்போட்டு மறுபடியும் எழுதுவேன். சபைகளில் சந்தித்தால், "உங்கள் கதை பிரமாதம், சார்" என்று நான் சொல்வேன்; அவரும் அதையே திருப்பிச் சொல்வார். இரண்டு பேரும் மனசாரச் சொன்னோம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. இப்போது வியாழக்கிழமைகளில் எனக்கு நன்றாகப் பசிக்கிறது. எழுதியதை அவ்வளவாகக் கிழிப்பதும் இல்லை. ஒரு வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டால், இதை அவர் படித்துக் கொஞ்சம் வயிறு எரிந்திருப்பாரே என்று தோன்றுகிறது. அந்த வாக்கியத்துக்கு எவ்வளவு பாடு பட்டேன் என்று அவர் ஒருவருக்குத்தான் புரிந்திருக்கும்.

2022 செப்டம்பரில் லண்டனில் ஃபெடரர் தம் கடைசி ஆட்டத்தை ஆடினார். இரட்டையர் ஆட்டம், ஜோடியாக நின்றவர் ரஃபேல் நடால். 2008 விம்பிள்டன் இறுதியில் ஐந்து செட் ஆடி ஃபெடரரைத் தோற்கடித்த அதே நடால்தான். ஆட்டம் முடிந்து பாட்டு நடக்கும்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஃபெடரர் அழுதார், அதில் ஆச்சரியமில்லை. நடாலும் தேம்பித் தேம்பி அழுதார். ஒருவர் கைமேல் மற்றவர் கை இருந்தது.

எதிராளியின் பிரிவுக்கு இப்படி அழுவானேன் என்று தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த என் மனைவி கேட்டாள். இந்தத் தடவை நான் பதில் சொல்லவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.