செட்டிப்பாளையம் சக்கரம்!

கோவைக்குத் தெற்கே செட்டிப்பாளையம் போயிருக்கீங்களாங்க? 2003-ல திறந்த 'கரி மோட்டார் ஸ்பீடுவே' அங்கதான். ரேஸர் கரிவரதன் பேர்ல இருக்கற ட்ராக். உங்க கார் அலாய் வீலுக்கும் பூர்வீகம் ரேஸ்தான். 1924-லயே புகாட்டி டைப் 35 அலுமினிய வீலோட ஓடுச்சு!

அந்த வீல் பிளாட்பாரத்துல உரசி, வெள்ளை பூத்துருச்சா? வீட்லயே மினுக்கலாம். சோப்புத் தண்ணியில கழுவுங்க. 400, அப்புறம் 800 நம்பர் வாட்டர் பேப்பர்ல தேய்ங்க. டயரை மறைச்சு பிரைமர், சில்வர் ஸ்ப்ரே, கிளியர் கோட் அடிங்க. பாத்ரூம் ஆசிட் மட்டும் வேணாம்... அலுமினியத்தையே அரிச்சுரும்!

ரேஸுக்கு முன்னாடி வண்டியை செக் பண்ணாம ட்ராக்ல விடமாட்டாங்க. நீங்களும் பாருங்க, அது கீறலா, விரிசலா? கீறல்னா பெயின்ட் போதும். விரிசலை பெயின்ட்ல மறைச்சா, ஹைவேஸ்ல வீலே உடையலாம். மாத்திருங்க. அழகைவிட உசுரு முக்கியமுங்க!