கிணறு பெரிது, வாளி சிறிது

குறைந்த விலைக் காமிரா வைத்திருக்கும் இளைஞர்கள் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. "இதில் ரா வீடியோ எடுத்தால் பயன் உண்டா?" என்பதே அது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிட இயலாது. எனினும், சில ஆண்டுகள் அத்தகைய காமிராவோடு பழகியவன் என்ற முறையில் என் எண்ணத்தை ஈண்டு முன்வைக்கிறேன்.

ரா என்பது சமைக்காத பண்டம் போன்றது. காமிராவின் உணரி பெற்ற ஒளியளவுகளை, நிறம் கூட்டாமலும் கூர்மை சேர்க்காமலும் அப்படியே அட்டையில் எழுதி வைப்பது. வழக்கமான வீடியோவிலோ, காமிராவே சமையலை முடித்து, எஞ்சியதைச் சுருக்கித் தந்துவிடுகிறது. அதில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் 256 படிகளே உண்டு. 14 பிட் ராவில் 16,384 படிகள். பின்னர் அமர்ந்து ஒளியையும் நிறத்தையும் திருத்துவோருக்கு இது பெருஞ்செல்வம்.

என்னிடம் இருப்பது 2013-இல் வெளிவந்த கேனன் 700டி. அதனைச் செய்த நிறுவனம் அதில் ரா வீடியோவுக்கு வழி வைக்கவில்லை. ட்ராமெல் ஹட்சன் என்பவர் 2009-இல் தொடங்கி, ஆர்வலர் பலர் வளர்த்தெடுத்த 'மேஜிக் லேண்டர்ன்' என்னும் நிரலே 2013-இல் கேனன் காமிராக்களில் அக்கதவைத் திறந்தது. நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற நிரலன்று அது. காமிராவுக்கு ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு நம்முடையதே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 1280க்கு 720 என்னும் அளவில், வினாடிக்கு 24 படங்களை 14 பிட் ராவாக எழுத, வினாடிதோறும் சுமார் 39 மெகாபைட் வேண்டும். 1920க்கு 1080 என்றால் 87 மெகாபைட். இக்காமிரா இயல்பாக அட்டையில் எழுதக் கூடியதோ ஏறக்குறைய 40 மெகாபைட்தான். கிணற்றில் நீர் நிறைய இருக்கிறது; இறைக்கும் வாளிதான் சிறியது. உயர்ந்த அளவைக் கேட்டால் சில வினாடிகளில் பதிவு நின்றுவிடும். பின்னாளில் 10, 12 பிட் அளவிலும் பதியும் வசதி வந்து சுமை ஓரளவு குறைந்தது உண்மையே. ஆயினும் 32 ஜிகாபைட் அட்டை, 14 பிட் ராவில் 14 நிமிடங்களுக்குள் நிரம்பிவிடும். சாதாரணப் பதிவிலோ ஒன்றரை மணி நேரம் தாங்கும்.

எங்கள் பழைய வீட்டை இடிக்க முடிவான போது, அதன் உட்புறத்தை நான் ராவிலேயே பதிந்தேன். இருண்ட கூடம், நடுவே வெயில் கொட்டும் முற்றம். சாதாரணப் பதிவில் முற்றம் வெளுத்தது, அல்லது தூண்கள் கரியாயின. ராவில் முற்றத்து வெயிலும் நின்றது, தூணில் இருந்த செதுக்கு வேலையும் நின்றது. வீடு அசையாது, அவசரப்படாது. ஒரு பதிவு நின்றால் மற்றொன்று எடுக்கலாம்.

அதே கிழமையில், எண்பதைக் கடந்த என் உம்மா அவ்வீட்டிற்குத் தாம் மணப்பெண்ணாய் வந்த கதையைச் சொல்ல இசைந்தார்கள். அதற்குச் சாதாரணப் பதிவையே வைத்தேன். சட்டையில் குத்தும் சிறு மைக் ஒன்றையும் பொருத்தினேன். நாற்பது நிமிடங்கள் பேசினார்கள். இடையில் ஒரு பெயர் நினைவுக்கு வராமல் நெடுநேரம் மௌனமாயிருந்தார்கள். பிறகு அப்பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். அம்மௌனத்தின் நடுவே அட்டை நிரம்பியிருந்தால், அச்சிரிப்பு எங்களுக்குக் கிட்டியிராது. முகத்தில் நிறம் சற்றே குறைந்திருக்கிறது. அதனைக் குடும்பத்தில் எவரும் இதுவரை குறையாகச் சொன்னதில்லை.

ஆகவே என் முடிவு இது. அசையாப் பொருள், ஒளியும் இருளும் மோதும் இடம், திரும்ப எடுக்க இயலும் காட்சி, பின்பு திருத்தப் பொறுமை, சேமிக்கப் பெரிய வட்டு, இவை அமைந்தால் எளிய காமிராவிலும் ரா வீடியோ உழைப்புக்கேற்ற பலன் தரும். மனிதர் பேசும்போது அதனை ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை. கையில் சிறிது பணம் இருப்பின், முதலில் நல்ல மைக்கும் உறுதியான முக்காலியும் வாங்குக. மங்கிய நிறத்தை ஓரளவேனும் மீட்டுக் கொள்ளலாம். பதியாமற் போன சொல்லை எந்த நிரலாலும் மீட்க முடியாது.