கட்டத்தில் இல்லாத கேள்வி

எங்கள் ஆச்சிக்கு மாப்பிள்ளை பார்த்த கதை இது. (செட்டிநாட்டில் அக்காவைத்தான் ஆச்சி என்போம், பாட்டியை அல்ல!) பேரைப் போட்டால் உதை விழும் என்பதால் வெறும் ஆச்சி.

ஆச்சிக்கு பெங்களூரில் வேலை. ஒரு திருமணத் தளத்தில் தானே பதிவு செய்துகொண்டாள். வயது, உயரம், சம்பளம், நட்சத்திரம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. ஒரு நகரத்தார் பையன் அமைந்தான். ஆச்சி உஷாராக முதல் நாளே "எந்தக் கோயில்?" என்று கேட்டிருக்கிறாள். இரணியூர் என்றானாம். நாங்கள் பிள்ளையார்பட்டி. அப்பாடா, வேறு கோயில் என்று மூன்று மாதம் பேசியிருக்கிறார்கள்.

வெளியூர் நண்பர்களுக்காக: நகரத்தாருக்கு 9 கோயில்கள். ஒரே கோயில் என்றால் பங்காளி, கட்டக்கூடாது. இளையாத்தங்குடி, மாத்தூர் மாதிரி சில கோயில்களில் உட்பிரிவு உண்டு, அது வேறு கணக்கு.

தீபாவளிக்கு வலையபட்டி வந்தவள் அப்பத்தாவிடம் மெல்லச் சொன்னாள். அப்பத்தா பாக்கு இடிப்பதை நிறுத்தவேயில்லை. "இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பி கோயில் ஆத்தா. அவன் உனக்குப் பங்காளி."

அவ்வளவுதான். முடிந்தது.

கணினிக்கு அவை இரண்டு வேறு வார்த்தைகள். எண்பது வயது அப்பத்தாவுக்கு அரை நிமிடம். இந்த வழக்கம் இன்னும் வேண்டுமா என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. ஆனால் மூன்று மாதம் கழித்துத் தெரிவதற்கு, முதல் நாளே தெரிந்திருக்கலாம் இல்லையா?

இதாவது யாரும் பொய் சொல்லாத கதை. 2021-ல் நடிகர் ஆர்யா பெயரில் இணையத்தில் பேசி, ஜெர்மனியில் இருந்த ஒரு பெண்ணிடம் பல லட்சம் ரூபாய் கறந்த இரண்டு பேரைச் சென்னை போலீஸ் பிடித்தது. திருமணத் தளங்கள் பதிவு செய்கிறவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது. அடையாள அட்டை அசலாக இருக்கலாம், சம்பளமும் குணமும்? ஊரில் என்றால் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நாலு பேரை விசாரித்தால் சாயங்காலத்துக்குள் குட்டு உடைந்துவிடும். (நல்ல பையனுக்கும் சேர்த்து வம்பு பேசுவார்கள், அதையும் சொல்ல வேண்டும்.)

இப்போது ஐயா ஜாதகத்தோடு ஊர் ஊராக அலைகிறார். ஆச்சி வாரம் ஒருமுறை போன் பண்ணுகிறாள். கல்யாணம் தவிர எல்லாம் பேசுகிறாள். அவன் எண்ணை மட்டும் இன்னும் அழிக்கவில்லை, நான் பார்த்தேன்.