‘பரதேசி’யைப் பாதியில் நிறுத்தச் சொன்ன இலஞ்சி ஆச்சி!

தென்காசிப் பக்கம் சினிமா கேமரா வந்தால், அது பச்சையைத் தேடித்தான் வரும். ‘ரோஜா’ படத்தில் பார்த்த சுந்தரபாண்டியபுரம் இங்கேதான் இருக்கிறது. குற்றாலத்துச் சாரல், வயலுக்குப் பின்னால் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, தென்னந்தோப்பு என்று எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு டூயட் பாட்டு தயார்.

அப்படிப்பட்ட இலஞ்சியில், ஒரு சீசன் நேரத்தில், ‘உலகம் அழிந்துபோன மாதிரி ஓர் இடம்’ தேடி அலைந்தான் ஒரு கல்லூரி மாணவன்.

சென்னையில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம். ஒரு நாவலைக் குறும்படமாக எடுக்க வேண்டும் என்பது புராஜெக்ட். அவன் தேர்ந்தெடுத்தது அமெரிக்க எழுத்தாளர் கார்மக் மெக்கார்த்தியின் ‘தி ரோடு’. 2006-ல் வெளிவந்து அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கிய நாவல். ஏதோ ஒரு பேரழிவில் உலகமே எரிந்து சாம்பலாகிவிடுகிறது. மிஞ்சிய ஓர் அப்பாவும் மகனும் தள்ளுவண்டியோடு கடலை நோக்கி நடக்கிறார்கள். கதை முழுக்க அவ்வளவுதான். அந்த அப்பாவுக்கும் மகனுக்கும் பெயர்கூடக் கிடையாது.

2009-ல் ஜான் ஹில்கோட் அதைப் படமாக எடுத்தபோது, செட் போடுவதைவிட நிஜமாகவே பாழடைந்த இடங்களைத் தேடிப் போனார்கள். பென்சில்வேனியாவில் கைவிடப்பட்ட நெடுஞ்சாலை, கத்ரீனா புயல் புரட்டிப்போட்ட நியூ ஆர்லியன்ஸ் என்று ஊர் ஊராகப் படப்பிடிப்பு நடந்தது. இலஞ்சியில் அதற்கு எங்கே போவது? மூன்று நாள் பைக்கில் சுற்றியும் சாம்பல் நிறத்தில் அவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இலஞ்சிக் குமாரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சியிடம் சலித்துக்கொண்டான்.

“உலகம் அழிஞ்ச மாதிரி ஒரு இடம் வேணும் ஆச்சி. நம்ம ஊரு பூரா பச்சையால்லா கெடக்கு!”

82 வயது ஆச்சி வெற்றிலையை மடித்தபடி சொன்னார். “உலகம் அழியிறதுக்குச் சாம்பல் எதுக்குல? எங்கம்மைக்கு அழிஞ்ச எடமும் பச்சைதான். தேயிலைக் காடு.”

அதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சேதி அது.

பாதியில் நின்ற படம்

அன்று ராத்திரி பேரன் போனில் பாலாவின் ‘பரதேசி’யைப் போட்டுக் காட்டினான். 2013 மார்ச்சில் வந்த படம். பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வெளியான ‘ரெட் டீ’ நாவல்தான் அதற்கு அடிப்படை. டேனியல் ஒரு டாக்டர். தோட்டங்களில் வேலை பார்த்தபோது தொழிலாளர்கள் வாயிலிருந்து கேட்ட கதைகளைத்தான் நாவலாக எழுதினார். தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் இரா.முருகவேள் மொழிபெயர்த்தார்.

சாலூர் கிராமத்துக் கூத்தும் கும்மாளமும் வரும் காட்சிகளில் ஆச்சி நன்றாகச் சிரித்தார். கங்காணி வந்து முன்பணத்தை நீட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. தேயிலைத் தோட்டத்தை நோக்கி ஊரே நடக்கிறது. வழியில் சுருண்டு விழுந்தவரை அப்படியே போட்டுவிட்டு, அவர் மனைவியை இழுத்துக்கொண்டு கூட்டம் நகர்கிறது.

“அணைச்சிருய்யா” என்றார் ஆச்சி.

அணைத்துவிட்டான். அடுத்த இரண்டு நாள் அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், சாரல் விழ ஆரம்பித்த நேரத்தில், அவராகவே தொடங்கினார்.

ஆச்சியின் அம்மா ஏழு வயதில் அப்பா, அம்மா, கைக்குழந்தையான தம்பியோடு ஆனைமலைப் பக்கம் போனவர். எந்த எஸ்டேட் என்று தெரியாது. முன்பணம் எவ்வளவு என்றும் தெரியாது. காய்ச்சலில் முதலில் அம்மா போனார், அடுத்த மழைக்கு அப்பா போனார். கடன் மட்டும் போகவில்லை, பிள்ளைகள் பேருக்கு வந்தது.

முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டு ஓடினால் தண்டனை என்று வெள்ளைக்காரன் 1859-லேயே சட்டம் போட்டிருந்தான். 1920-களில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் மலைமேல் இருந்த பிள்ளைகளுக்கு அதை யார் போய்ச் சொல்வது?

“16 வயசுல ஊர்க் கொடைக்குப் போறேன்னு கேட்டிருக்கா எங்கம்மை. தம்பிய இங்க விட்டுட்டுப் போன்னு சொல்லிட்டான் கங்காணி. அவன் பிணை. பத்து நாள்ல வந்திருதேன்னு அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் எறங்கியிருக்கா.”

“அப்புறம்?”

“போகல. கால் போகலன்னு சொல்லுவா. அவ்வளவுதான்.”

ஆச்சியின் அம்மா இருந்தவரைக்கும், சாரல் காலத்தில் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் சாயங்காலம் வரிசையாக உட்கார வைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் தடவிப் பார்ப்பாராம். வாசற்படி தாண்டாத பிள்ளையையும் விடமாட்டாராம். அட்டை கடித்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறார் என்பது ஆச்சிக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்ததாம். தோட்டத்தில் ராத்திரி தம்பியின் காலை அப்படிப் பார்த்த பழக்கம்.

“ஒருத்தருமே திரும்பி வரலியா?”

மறுநாள் ஆச்சி கேட்டார். “அந்தப் படம் எப்படி முடியும்?”

பேரன் சொன்னான். நாயகன் தோட்டத்தில் மாட்டிக்கொள்கிறான். தப்பிக்கப் பார்த்தும் முடியவில்லை. கடைசியில் புதிதாக வந்து இறங்கும் ஆட்களோடு, ஊரில் விட்டுவந்த காதலியும், அவன் பார்த்தே இராத பிள்ளையும் அங்கேயே வந்து சேருகிறார்கள். அவன் கதறுவதோடு படம் முடிகிறது.

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்போ ஒருத்தருமே திரும்பி வரலியா? எங்கம்மை வந்தாளே. வராட்டி நீ எப்படில இங்க உக்காந்திருப்ப?”

அந்தக் கேள்விக்காகவே பேரன் தென்காசி போய் நூலகத்தில் நாவலைத் தேடி எடுத்துப் படித்தான். நாவலில் வரும் கருப்பனும் வள்ளியும் நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். புருஷன் பெண்டாட்டியாகச் சேர்ந்தேதான் மலையேறுகிறார்கள். படத்தில் பாலா அவர்களைப் பிரித்துவிட்டார். அப்படிப் பிரித்ததால்தான் அந்தக் கடைசிக் காட்சியே கிடைத்தது. நாவலில் வரும் நல்ல டாக்டரைப் படத்தில் வேறு மாதிரி காட்டிவிட்டார்கள் என்று படம் வந்த சமயத்தில் பேச்சும் எழுந்தது.

ஒரு புத்தகத்தைப் பத்து நாள் வைத்துப் படிக்கலாம். தாங்க முடியாத இடத்தில் மூடிவிட்டு, நாளைக்குத் திறக்கலாம். தியேட்டரில் உட்கார்ந்தவருக்கு அந்த வசதி இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் அத்தனை துக்கத்தையும் கொடுத்தாக வேண்டும். அதனால் படம் எடுப்பவர் சிலதை வெட்டுகிறார், சிலதைக் கூட்டுகிறார். ‘பரதேசி’ கதவை முழுசாகச் சாத்திவிட்டது. பார்த்தவர்கள் பேச்சற்றுப்போய் வெளியே வந்தார்கள். ‘தி ரோடு’ அப்படிச் சாத்தவில்லை. அப்பா செத்த பிறகு, தனியாக நிற்கும் சிறுவனிடம் ஒரு குடும்பம் வந்து சேருகிறது. நாவலிலும் அப்படித்தான், படத்திலும் அப்படித்தான்.

இரண்டில் எது சரி என்று பேரன் குழம்பிக்கொண்டிருக்கவில்லை. அவனுக்குக் குழப்பம் வேறு இடத்தில். ஆச்சி சொன்ன கதையில் அந்தத் தம்பி இருக்கிறானே? அதைவிடப் பெரிய காட்சி அவனுக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் ஆச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“அவ திரும்பி வந்ததை எடு. தம்பிய விட்டுட்டு வந்ததை மட்டும் வைக்காத. தம்பிய வித்துட்டு வந்தவன்னு அவளை யாரும் சொல்லிரக் கூடாது.”

‘தி ரோடு’ புராஜெக்ட்டை அவன் கைவிட்டான். கல்லூரியில் அனுமதி வாங்கி, நாவலை மாற்றிக்கொண்டான். ‘எரியும் பனிக்காட்’டை வைத்துக்கொண்டு, மலையிலிருந்து இறங்கிவரும் ஒரு பெண்ணைப் பற்றி பதினைந்து நிமிடப் படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதினான். தம்பியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சாம்பலும் தேவைப்படவில்லை. எல்லாக் காட்சியும் பச்சைக்குள்தான்.

ஊருக்குத் திரும்பும் முந்தின நாள் ராத்திரி, எழுதியதை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினான். பெண் மலையிறங்குகிறாள், ஊருக்கு வருகிறாள், கல்யாணமாகிறது, பிள்ளைகள் பிறக்கின்றன. கடைசிக் காட்சியில் மழை நாளில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக் காலைத் தடவிப் பார்க்கிறாள்.

ஆச்சி எதுவும் சொல்லாமல் இருந்தார். வெளியே சாரல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

“எதுக்குக் காலைத் தடவுதான்னு படம் பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது ஆச்சி. நீங்கதான் வேண்டாம்னீங்க.”

இன்னும் கொஞ்ச நேரம் போனது. ஆச்சி எழுந்து உள்ளே போனார். வாசல் நிலையைப் பிடித்தபடி திரும்பி நின்றார்.

“அந்தப் பய பேரையாவது ஒரு இடத்துல சொல்லிரு. எங்கம்மை சாகக் கெடக்கையில அந்தப் பேரைத்தான் கூப்பிட்டா.”

பேரைச் சொன்னார். அவன் எழுதிக்கொண்டான். ஸ்கிரிப்ட்டில் வேறு யாருக்கும் பெயர் வைக்கவில்லை. அந்த ஒரு பெயர் மட்டும், கடைசிக் காட்சியில், ஒரே ஒரு தடவை வரும்.