புதுக் குண்டு வாங்கலாமா?

பாரிசிலிருந்து மகள் போனில் கேட்டாள்: "அப்பா, வரும்போது புது பெத்தாங் குண்டு வாங்கி வரட்டுமா? மூணு குண்டு, 150 யூரோ."

முன்பு விசாரித்தபோது 100தான் சொன்னாள். ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்து வேண்டாம் என்றேன். பென்ஷன்காரன் புத்தி!

என் குண்டுகள் 1981-ல் மாமா மார்சேயிலிருந்து கொண்டு வந்தவை. ஒவ்வொன்றும் 720 கிராம். மேலே உள்ள வரிகள் தேய்ந்துவிட்டன. தேயட்டும், கொஷொனே பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது கைதானே?

அந்தக் கைதான் இப்போது சிக்கல். நேற்று மாலை பத்து வீச்சிலேயே விரல் மூட்டு வலித்து உட்கார்ந்துவிட்டேன். கூட ஆடுபவர் தன் 650 கிராம் குண்டை நீட்டினார். போட்டி விதியில் அதற்குக் கீழே எடை கிடையாது. இருட்டும்வரை ஆடினேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டேன்.

"எத்தனை கிராம்ப்பா?" என்றாள்.